பைபிள் அம்மாக்களின் கடற்கரை

என் பெரியம்மாவின் அறிக்கை நோட்டில் ஐந்து பத்திகள் இருந்தன: சந்தித்த வீடுகள், கேட்டவர்கள், வாசிக்கக் கற்றவர்கள், விற்ற பிரதிகள், ஜெபம். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிப் போட்டு, கீழே கையெழுத்திட்டு, குருவானவர் வீட்டில் ஒப்படைக்க வேண்டும். வெயில் ஏறுமுன் புறப்பட்டு விளக்கு வைக்கும் நேரம்வரை ஊர் ஊராகப் போய்ப் பேசியவருக்குப் ‘பிரசங்கம்’ என்று ஒரு பத்தி கிடையாது. பிரசங்கம் என்பது ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குள், அங்கி போட்ட ஆண் செய்வது. பெரியம்மா செய்ததற்குச் சபை வைத்திருந்த பெயர் ‘சந்திப்பு’.

இராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் பனங்காட்டு ஊர்களில் அவரைப் பைபிள் அம்மா என்றார்கள். வெள்ளையில் சிறு கரை போட்ட சேலை, முழங்கைவரை ரவிக்கை, தோளில் காக்கித் துணிப்பை. பைக்குள் கறுப்பு ரெக்சின் அட்டை போட்ட வேதாகமம், கீர்த்தனைப் புத்தகம், நான்கு சுவிசேஷங்களையும் தனித்தனியாக அச்சடித்த சிறு பிரதிகள், உருட்டி வைத்த படச்சுருள். இவற்றோடு ஒரு தைலப்புட்டி, கொஞ்சம் ஊசி நூல். தைலம் எதற்கு என்று நான் கேட்டதில்லை. கூடப் போனால் தானாகவே தெரியும். தலைவலி என்று சுருண்டு படுத்திருப்பவளிடம் வசனம் சொல்வதற்கு முன்னால் நெற்றியில் தைலம் தேய்த்துவிட வேண்டும்.

அவருக்கு முன்னால் இப்படி நடந்தவர்கள் யார் என்று தேடிப் படிக்கத் தொடங்கியபோது வரிசை சாயல்குடியோடு நிற்கவில்லை. மதுரை, பாளையங்கோட்டை, யாழ்ப்பாணம் என்று நீண்டு, லண்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் போனது. எங்கே பார்த்தாலும் நடந்தது ஏறக்குறைய ஒன்றுதான். சபைக்குக் கட்டடம் இல்லாதவரை பெண் பேசுகிறாள். கட்டடம் எழும்பி, பீடம் வைத்து, சம்பளப் பட்டியல் போட்டதும் அவளை உட்காரச் சொல்கிறார்கள். அவள் எழுந்து வெளியே போய்ப் பேசுகிறாள்.

எங்கள் கரையில் கட்டடம் எழும்பவே வெகுகாலம் ஆயிற்று. வெளியூர்க்காரர்களுக்கு இராமநாதபுரம் என்றால் ராமேஸ்வரம் கோயில், பாம்பன் பாலம், கருவேலங்காடு. கிறிஸ்தவம் இங்கே கடல்வழியாக வந்தது; வந்தது கத்தோலிக்கம். 16ஆம் நூற்றாண்டிலேயே முத்துக்குளித்துறைப் பரதவர் ஞானஸ்நானம் பெற்றுவிட்டார்கள். 1693இல் ஓரியூரில் அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ தலை வெட்டப்பட்டார். அங்கே மணல் சிவந்திருப்பது அவர் இரத்தத்தால் என்று நம்பி, திருவிழாவுக்கு வருகிறவர்கள் இன்றும் அதைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போகிறார்கள். மீனவர் ஊர்களில் மாதாவும் அந்தோணியாரும் நிலைத்துவிட்ட பிறகே புராட்டஸ்டண்ட் சபை வந்து சேர்ந்தது. இன்னொரு பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், தொண்டி என்று முஸ்லிம் ஊர்கள். 19ஆம் நூற்றாண்டில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்ற மார்க்க அறிஞர் இருந்து, தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழில் நூல்கள் எழுதிய ஊர் கீழக்கரை. வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராத பெண்களும் வாசித்த எழுத்து அது. இருளில் கிடக்கும் பெண்களுக்கு எழுத்தறிவிக்க வந்தோம் என்ற மிஷனரிப் பேச்சு அந்த வாசலில் எடுபட்டிருக்காது.

புராட்டஸ்டண்டுகளுக்கு மிஞ்சியது கோட்டை நகரமும் உள்ளே தள்ளியிருந்த பனங்காடும் கரிசல்காடும்தான். தஞ்சாவூரில் இருந்த ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் 1780களில் இராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கு வழி செய்தார். அப்துல் கலாம் படித்த ஸ்வார்ட்ஸ் பள்ளி அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. பிறகு ஆங்கிலிக்கன்களின் எஸ்.பி.ஜி. என்ற மிஷனரிச் சங்கம் இராமநாதபுரத்தைச் சுற்றியும், அமெரிக்க மதுரை மிஷன் மானாமதுரை, அருப்புக்கோட்டைப் பக்கமும் வேலை செய்தன. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது எல்லாமே அதற்குள் வந்தன. சபையார் கொஞ்சம், ஊர்கள் சிதறல். குருவானவர் மாட்டு வண்டியில் ஒரு சுற்று வருவதற்குள் பிறந்த பிள்ளை தவழத் தொடங்கிவிடும். இடையில் ஊர்களைப் பார்த்துக்கொண்டவர்கள் உபதேசியாரும் பைபிள் அம்மாவும்.

இந்த வேலை லண்டனில் தொடங்கிய ஆண்டு நமக்குத் தெரியும். 1857. செயின்ட் கைல்ஸ் என்ற சேரியில் எலன் ரான்யார்ட் என்ற பெண்மணி ஒன்றைக் கவனித்தார். சீமாட்டிகள் வேதாகமத்தைத் தூக்கிக்கொண்டு போனால் சேரியில் கதவு திறப்பதில்லை. அதே தெருவில் குடியிருக்கும் ஏழைப் பெண் தட்டினால் திறக்கிறது. மரியன் என்ற பெண்ணைச் சம்பளம் கொடுத்து அமர்த்தினார். புத்தகத்தைச் சும்மா கொடுக்கக் கூடாது, சிறு சிறு தவணையாகக் காசு வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. காசு வாங்க வாராவாரம் போகலாம், போனால் பேசலாம். வியாபாரம் தெரிந்த அம்மாள்.

இந்த ஏற்பாடு சீக்கிரமே கப்பலேறி இங்கே வந்தது. இங்கே கதவு இன்னும் கனம். ஆண் மிஷனரிக்குத் திண்ணைக்கு மேல் அனுமதி இல்லை. வெள்ளைக்காரப் பெண் உள்ளே வரலாம், ஆனால் பின்னாலேயே ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள். வாசிக்கத் தெரிந்த ஒரு தமிழ்ப் பெண், விதவையோ, கணவன் கைவிட்டவளோ, உபதேசியாரின் மனைவியோ போனால் அடுப்படிவரை போகலாம். 1901 கணக்கெடுப்பின்போது நாடு முழுவதிலும் நூற்றுக்கு ஒரு பெண்ணுக்கு எழுத்து தெரிந்திருந்தாலே அதிகம். அந்த நிலையில் ஒரு விதவை மடியில் புத்தகத்தை விரித்து வைத்துச் சத்தமாக வாசித்தாள் என்றால், அவள் என்ன வாசித்தாள் என்பதற்கு முன்னால், அவள் வாசிக்கிறாள் என்பதே ஊருக்குச் செய்தி.

மானாமதுரை இந்த வரலாற்றில் தவறவிடக் கூடாத ஊர். சேரா கேப்ரன் என்ற அமெரிக்கப் பெண் அங்கே மிஷனரியாக இருந்த கணவரோடு வாழ்ந்தவர். 1876இல் கணவர் இறந்ததும் மதுரைக்குப் போய்ப் பைபிள் பெண்களின் வேலையை நடத்தினார். அமெரிக்கா திரும்பியபின், 1880களின் இறுதியில், மூடி என்ற புகழ்பெற்ற பிரசங்கியார் சிகாகோவில் தொடங்கிய வேதாகமப் பள்ளியின் பெண்கள் பிரிவுக்குத் தலைவியானார். அமெரிக்கர்கள் மதுரைக்கு வந்து கற்றுக்கொடுத்தார்கள் என்றே நாம் படித்திருக்கிறோம். மதுரைத் தெருக்களில் தமிழ்ப் பெண்கள் எப்படிக் கதவைத் தட்டினார்கள், எப்படிப் பேச்சை எடுத்தார்கள் என்று பல ஆண்டுகள் பக்கத்திலிருந்து பார்த்தவர் சிகாகோவில் அமெரிக்கப் பெண்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். இதைத் திருப்பிப் போட்டுச் சொல்ல இதுவரை யாருக்கும் தோன்றவில்லை போலும்.

1884இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரி ஈவா ஸ்விஃப்ட் 1892இல் பெண்களுக்கென்று ஒரு வேதாகமப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். மதுரை ரட்சண்யபுரத்தில் லூசி பெரி நோபிள் என்ற பெயரோடு நிலைத்தது அதுதான். அங்கே படித்த ஒரு முதியவரிடம்தான் என் பெரியம்மா வேலை கற்றார். கற்றது பெரும்பாலும் நடப்பது. எந்த ஊரில் எந்தப் பக்கமாக நுழைவது, யார் வீட்டில் முதலில் தண்ணீர் கேட்பது, கணவன் குடித்துவிட்டு வந்திருக்கும் வீட்டில் எப்படிச் சத்தமில்லாமல் எழுந்து வருவது.

பெண் பிரசங்கிகளின் கதையை மிஷனரிக் காலத்தோடு தொடங்குவது எனக்கு உடன்பாடில்லை. இன்னும் இருநூறு ஆண்டுகள் பின்னே போக வேண்டும். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்ற குழுவினர் குருவும் வேண்டாம், பீடமும் வேண்டாம், ஆவியானவர் யாரை எழுப்புகிறாரோ அவர் பேசட்டும் என்றார்கள். அந்தக் கூட்டத்தில் மேரி ஃபிஷர் என்று ஒரு வேலைக்காரப் பெண் இருந்தார். 1656இல் ஆன் ஆஸ்டின் என்ற தோழியோடு பாஸ்டனில் போய் இறங்கினார். வேதாகமத்தைத் தங்கள் இஷ்டம்போல் வாசிக்க வேண்டும் என்று சொல்லிக் கடல் தாண்டி வந்த பியூரிட்டன்களின் ஊர் அது. அவர்கள் இந்த இரண்டு பெண்களின் புத்தகங்களை எரித்து, சூனியக்காரிக்குரிய அடையாளம் இருக்கிறதா என்று உடைகளைக் களைந்து சோதித்து, சிறையில் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். மேரி ஃபிஷர் அசரவில்லை. 1658இல் துருக்கி சுல்தான் நான்காம் மெஹ்மெட்டைப் பார்க்கப் போனார். அட்ரியானோப்பிளில் பாளையமிறங்கியிருந்த சுல்தான் அவரை அழைத்து உட்கார வைத்து, சொன்னதை மரியாதையாகக் கேட்டு அனுப்பினார். பாஸ்டனின் வரவேற்பையும் சுல்தானின் வரவேற்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, கீழக்கரைப் பக்கம் பெரியம்மாவுக்கு எப்போதும் ஒரு குவளை தேநீர் கிடைத்தது என் நினைவுக்கு வருகிறது. அவர் சொன்னதை அங்கே யாரும் ஏற்றுக்கொண்டதில்லை. தேநீர் தராமல் அனுப்பியதும் இல்லை.

அடுத்து மெதடிஸ்டுகள். அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி முதலில் தயங்கினார், பிறகு பெண்களின் பேச்சைக் கேட்டுக் கூட்டம் திருந்துவதைக் கண்ணால் பார்த்தார். 1771இல் மேரி போசன்கெட் என்ற பெண் பிரசங்கிக்கு எழுதிய பதிலில், அவருக்குக் கிடைத்திருப்பது அசாதாரணமான அழைப்பு, அசாதாரணத்துக்குச் சட்டம் பொருந்தாது என்று சுற்றிவளைத்து ஒப்புக்கொண்டார். அதுவரை வயல்வெளியிலும் சுரங்கத்து வாசலிலும் கூடிய இயக்கம் அது. 1791இல் வெஸ்லி இறந்தார். ஊர் ஊராகக் கோயில் கட்டினார்கள். 1803இல் மாநாடு கூடித் தீர்மானம் போட்டார்கள்: பெண்கள் பொதுவாகப் பிரசங்கிக்கக் கூடாது, அழைப்பு இருக்கிறது என்று யாராவது சொன்னால் பெண்களிடம் மட்டும் பேசலாம், அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். காரணத்துக்கு வசனம் தயாராக இருந்தது: “சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்.” அதே வேதாகமத்தில் “உங்கள் குமாரரும் உங்கள் குமாரத்திகளும் தீர்க்கதரிசனஞ்சொல்லுவார்கள்” என்றும் இருக்கிறது. எந்த வசனத்தை எப்போது எடுப்பது என்பது அன்றைக்குக் கட்டட நிதி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று சொன்னால் என் உறவினர்களுக்குக் கோபம் வரும்.

பெண்களிடம் மட்டும் பேசலாம் என்ற அந்த விதி, எங்கள் பனங்காட்டில் அப்படியே நடைமுறையில் இருந்தது. 1803ஆம் ஆண்டைப் பற்றி இங்கே ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் விதி மட்டும் வந்து சேர்ந்திருந்தது.

இவர்கள் எல்லாரிலும் எனக்கு மிகப் பிடித்தவர் ஜெரீனா லீ. 1783இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் பிறந்த கறுப்பினப் பெண். சிறு வயதிலேயே வீட்டு வேலைக்குப் போனவர். பிலடெல்பியாவில் கறுப்பர்களுக்கென்று சபை நடத்திய ரிச்சர்ட் ஆலனிடம் போய், எனக்குப் பிரசங்கிக்க அழைப்பு வந்திருக்கிறது என்றார். ஜெபக்கூட்டம் நடத்து, பெண் பிரசங்கிக்க நமது ஒழுங்கில் இடமில்லை என்று ஆலன் அனுப்பிவிட்டார். அவரும் ஒரு போதகரை மணந்து, பிள்ளை பெற்று, விதவையாகி, எட்டு ஆண்டுகள்போல ஓடிவிட்டன. 1819இல் ஒரு நாள் ஆலனின் கோயிலில் வேறொருவர் யோனாவைப் பற்றிப் பிரசங்கித்துக்கொண்டிருந்தார். நடுவில் பேச்சு வறண்டு தடுமாறி நின்றுவிட்டது. ஜெரீனா எழுந்தார். தானும் யோனாவைப்போல அழைப்பைக் கேட்டும் ஓடி ஒளிந்தவள்தான் என்று தொடங்கி, விட்ட இடத்திலிருந்து பிரசங்கத்தை முடித்தார். கோயிலைவிட்டு வெளியேற்றப் போகிறார்கள் என்றுதான் நினைத்தார். அதற்குள் பேராயராகிவிட்ட ஆலன் எழுந்து, இவர் முன்பே என்னிடம் கேட்டார், அந்த அழைப்பு உண்மைதான் என்று சபை முன்னால் சொன்னார்.

அதன்பின் ஜெரீனா நின்ற இடம் தெரியவில்லை. ஒரே ஆண்டில் 2,325 மைல் பயணம் செய்து 178 பிரசங்கங்கள் செய்ததாகத் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கன்னியாகுமரியில் ரயில் ஏறி ஜம்முவில் இறங்குகிற தூரம் அது. அவர் போனது நடந்தும், வண்டியிலும், படகிலும். அடிமை முறை உயிரோடிருந்த நாட்டில், பிடித்துக்கொண்டு போனால் கேட்க ஆளில்லாத ஒரு கறுப்புப் பெண்ணாக. வாழ்க்கைக் குறிப்பை 1836இல் சொந்தக் காசில் அச்சடித்துக் கூட்டங்களில் விற்றார். அவருடைய சபையோ, பெண்களுக்குப் பிரசங்க உரிமை கேட்டு வந்த மனுக்களை மாநாட்டில் தள்ளுபடி செய்தது. அதற்குள் அந்தச் சபைக்கும் நிறையக் கட்டடங்கள் வந்துவிட்டன.

அவர் வழியில் வந்த அமாண்டா ஸ்மித், அடிமையாகப் பிறந்து, துணி வெளுத்துப் பிழைத்தவர், 1879இல் இந்தியாவுக்கே வந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிரசங்கித்தார். 1882இல் மும்பையில் இறங்கிய இரட்சணிய சேனையின் முதல் குழுவில் நான்கு பேர்; அதில் ஒருவர் பெண். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பதவி, ஒரே மேடை என்பது அவர்கள் சட்டம். சேனையின் தாய் கேத்தரின் பூத் 1859இலேயே பெண்கள் பிரசங்கிக்கலாம் என்று வாதாடிச் சிறு நூல் எழுதியவர். அடுத்த ஆண்டு தானே மேடையேறினார்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்தச் சபை வளர்ந்ததற்கு ஸ்வார்ட்ஸ் ஐயரின் பெயரைச் சொல்வோம். 1780இல் பாளையங்கோட்டைச் சபையில் நாற்பது பேர். பட்டியலில் முதல் பெயர் கிளாரிந்தா. தஞ்சாவூரைச் சேர்ந்த மராட்டியப் பிராமண விதவை, முன்பெயர் கோகிலா. லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தார் என்பதால் அந்த அதிகாரி உயிரோடிருந்தவரை ஸ்வார்ட்ஸ் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார், 1778இல் கொடுத்தார். கிளாரிந்தா சும்மா இருக்கவில்லை. பாளையங்கோட்டையில் கோயில் கட்டினார், 1785இல் ஸ்வார்ட்ஸ் வந்து அதைத் திறந்துவைத்தார். உபதேசியார் வேண்டும் என்று கேட்டுத் தஞ்சாவூர்வரை தானே பயணம் போனார். சாலையும் கிடையாது, பாதுகாப்பும் கிடையாது, பெண்ணுக்கு நல்ல பெயரும் மிஞ்சாது என்ற காலம். அந்தக் கோயிலை ஊரார் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொன்னார்கள். சபை வரலாறு கொடுக்கத் தயங்கிய இடத்தை ஊர் வாய் கொடுத்துவிட்டது.

நூறு ஆண்டு கழித்து அதே சீமையில் பொன்னம்மாள். இளம் விதவை. ஏமி கார்மைக்கேல் என்ற அயர்லாந்துக்காரப் பெண் 1890களின் இறுதியில் பண்ணைவிளையில் இருந்துகொண்டு பெண்களை மட்டும் சேர்த்து ஒரு குழு அமைத்து, மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். ஊரார் அவர்களுக்கு வைத்த பெயர் நட்சத்திரக் கூட்டம். அந்தப் பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் கழுத்தோடு நடந்தார்கள். தென் தமிழகத்தில் காதும் கழுத்தும் வெறுமையாக ஒரு பெண் தெருவில் போவது அன்றைக்கு எவ்வளவு பெரிய பேச்சு என்பதை இன்று விளக்கினாலும் புரியாது. பொன்னம்மாள் 1915இல் இறந்தார். ஏமி பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய டோனாவூர் என்றால் அவர் பெயர் உலகம் முழுவதும் தெரிகிறது. பொன்னம்மாள் பெயர் ஏமி எழுதியதால் நமக்குக் கிடைத்தது. எழுத ஆளில்லாத பொன்னம்மாக்கள் எத்தனை பேரோ.

எங்கள் கரையில் எழுத ஆளில்லை. ஆகவே நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

பனைச் சீசன் மாசியில் தொடங்கி ஆடிவரை. ஊரே பனங்காட்டுக்குள் விடிலி என்ற ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு குடிபோய்விடும். ஆண்கள் மரமேறிப் பதநீர் இறக்க, பெண்கள் அடுப்பைவிட்டு அசைய முடியாது. பைபிள் அம்மா அங்கேயே போவார். ஒரு பனைநாரைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்காருவார். பதநீர் சூடாகும்வரை ஊர்க்கதை: யாருக்குப் பிள்ளை, யாருக்குக் காய்ச்சல். கொதி வந்து நுரை பொங்கும்போது இடித்த ஆமணக்கு முத்தை ஒரு சிட்டிகை போட்டால் அடங்கும். அதன்பின் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டிய நீண்ட நேரம். அதுதான் அவருடைய நேரம். அப்போதுதான் புத்தகம் திறக்கும். பெரும்பாலும் சமாரியப் பெண்ணின் கதை. உச்சி வெயிலில் தனியாகத் தண்ணீர் எடுக்க வந்தவள், ஐந்து புருஷன் இருந்தவள், கிணற்றடியில் கேட்டதை ஊருக்குள் ஓடிப்போய்ச் சொன்னவள். அவள் ஏன் மற்றப் பெண்களோடு காலையில் வரவில்லை என்று கேட்டு நிறுத்துவார். துடுப்பைப் பிடித்திருக்கும் பெண்ணுக்குப் பதில் தெரியும். ஊர் பேசும், அதனால்தான் என்பாள். பாகு பதம் நெருங்கினால் எந்த வசனமும் செல்லாது. பெரியம்மா புத்தகத்தை மூடிவிட்டுச் சிரட்டைகளை வரிசையாக அடுக்கிக் கொடுப்பார். குருவானவரின் பிரசங்கத்துக்குக் கடிகாரம். இந்தப் பிரசங்கத்துக்குப் பாகு.

ஆண்கள்? பெண்களிடம் மட்டும் பேச வேண்டும் என்ற விதி சுவர் இருக்கும் வீட்டுக்குத்தான் பொருந்தும். விடிலிக்குச் சுவர் ஏது? ஓலை மறைப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர் பாளை அரிவாள் தீட்டிக்கொண்டிருப்பார். கதை தொடங்கியபோது கையிலிருந்த அதே அரிவாளைக் கதை முடியும்வரை தீட்டுவார். பக்கத்தில் இன்னொருவர் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டு அவிழ்ப்பார். அவர்களைப் பெரியம்மா நிமிர்ந்து பார்க்க மாட்டார், ஆனால் குரல் கொஞ்சம் உயரும். நோட்டில் ‘கேட்டவர்கள்’ பத்தியில் அவர்களைச் சேர்ப்பதில்லை. சேர்த்தால் விளக்கம் எழுத வேண்டிவரும்.

இந்தப் பெண்களைப் புனிதவதிகளாக்கும் எண்ணம் எனக்கில்லை. பெரியம்மா பனையேறிகளின் வீட்டில் கஞ்சி குடிப்பார். ஊருக்குக் கிழக்கே இருந்த தலித் தெருவில் வசனம் சொல்வார், தைலம் தேய்ப்பார், தண்ணீர் மட்டும் குடிக்க மாட்டார். வெயில் ஏறிவிட்டது, போக வேண்டும் என்பார். அவர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மிஷனரிகளுக்குப் போன பழைய அறிக்கைகளில் இந்துப் பெண்களைப் பற்றி எழுதியிருக்கும் மொழி இன்று வாசித்தால் கூசுகிறது. எல்லாரும் இருட்டில், எல்லாரும் அறியாமையில். அமெரிக்கப் பெண்கள் சங்கங்கள் காசு அனுப்பிய காலத்தில் இருட்டை அடர்த்தியாக எழுதினால்தான் காசு வரும் என்பதும் ஒரு காரணம். ஆனால் நாள்தோறும் அதே வீட்டுக்குப் போய் அதே பெண்ணின் பிள்ளைக்குப் பேன் பார்த்தவர், அறிக்கையில் எழுதிய மொழியில் அவளிடம் பேசியிருக்க முடியாது.

பிறகு பஸ் வந்தது. நடை குறைந்தது, ஊர்கள் கூடின. ஒலிபெருக்கியும் கன்வென்ஷன் பந்தலும் வந்தபோது, பாட்டுக்காகவே கூட்டம் கூட்டிய சாராள் நவரோஜி போன்றவர்கள் பாடியதோடு நிற்காமல் பிரசங்கமும் செய்தார்கள். பந்தலும் ஒரு வகையில் கட்டடம் இல்லாத இடம்தான். மூங்கிலும் கீற்றும் மறுநாள் பிரித்துவிடுவார்கள். அதில் பெண் ஏறினால் நிரந்தரமாக ஏறிவிட்டாள் என்று யாருக்கும் பயமில்லை. இலங்கையில் 1920களில் தொடங்கிக் கடல் தாண்டி வந்த பெந்தெகொஸ்தே மிஷனின் சகோதரிகளும் இந்தப் பக்கம் நடந்தார்கள். முழு வெள்ளைச் சேலை, திருமணம் இல்லை, சொந்தச் சொத்து இல்லை, விசுவாச வீட்டில் வாசம். வழியில் எதிர்ப்பட்டால் பெரியம்மா அவர்களோடு ஞானஸ்நானத்தைப் பற்றி ஒரு வாக்குவாதம் செய்யாமல் விடமாட்டார். பஸ் வந்ததும் மூவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போவார்கள்.

1983க்குப் பிறகு மண்டபம் முகாமுக்கு இலங்கை அகதிகள் வரத் தொடங்கினார்கள். பெரியம்மாவுக்கு அப்போது வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தாகிவிட்டது. கேட்பாரில்லாமல் தானாகவே போனார். அங்கே யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவர், இவர் வசனத்தைப் பாதி சொல்லும்போதே மீதியைச் சொல்லி முடித்தாராம். அந்த ஊரில் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியை அமெரிக்க மிஷன் 1824இலேயே தொடங்கிவிட்டது. மதுரை மிஷனே 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் தொடங்கியது. நான் பிரசங்கம் செய்யப் போனேன், அந்தக் கிழவி எனக்குப் பிரசங்கம் செய்து அனுப்பினாள் என்று பெரியம்மா வந்து சொன்னார். அவர் தன் வேலையைப் பிரசங்கம் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

தென்னிந்தியத் திருச்சபை 1970களில் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கும் வழியைத் திறந்தது. 2013இல் எக்கோனி புஷ்பலலிதா நந்தியால் பேராயரானார். மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்தின் ஊர்களில் இன்று பெண் குருவானவர் பீடத்தில் நின்றால் குழந்தைகள் திரும்பிப் பார்ப்பதில்லை. நல்லது. ஆனால் பீடத்துக்கு வந்த பெண்ணைக் கொண்டாடும் கட்டுரைகளில், அவருக்கு முன்னால் பெண் என்றைக்குமே பேசியதில்லை என்பதுபோல ‘முதல் முறையாக’ என்று எழுதுகிறார்கள். முதல் முறையாகச் சபை கேட்டது என்று எழுதலாம்.

பெரியம்மா வேலை பார்த்த சபைகளில் ஒன்றுக்கு இப்போது நூற்றாண்டு வருகிறது. வாசலில் பளிங்குக் கல் வைத்து, இதுவரை பணியாற்றிய குருவானவர்கள் எல்லாருடைய பெயரையும் பொறிக்கப் போகிறார்கள். பைபிள் அம்மாக்களின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தேன். அவர்கள் நியமனம் பெற்ற பிரசங்கிகள் இல்லையே என்றார் செயலாளர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உண்மையிலேயே குழம்பிப்போய்ச் சொன்னார். பழைய சம்பளப் பதிவேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தோம். ‘பைபிள் ஸ்திரீ, சாயல்குடிப் பகுதி’ என்று பதவியும் ஊரும் இருக்கிறது, தொகை இருக்கிறது, பல ஆண்டுகளுக்குப் பெயர் இல்லை. ஆகவே பனங்காட்டு ஊர்களில் வயதான பெண்களைத் தேடிப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் சிறு வயதில் விடிலிக்கு வந்து கதை சொன்னது யார்? சிலருக்குப் பெயர் நினைவில்லை, சொன்ன கதை நினைவிருக்கிறது. சிலர் பெயரோடு மகள் கட்டிக்கொடுத்த ஊரையும் சொல்கிறார்கள்.

‘ஊழியத்துக்கு உதவிய சகோதரிகள்’ என்று பொதுவாக ஒரு வரி போட்டுவிடலாமே என்று கமிட்டியில் ஒருவர் சமாதானம் சொன்னார். பெயர் பெயராக வெட்டினால் கல்லில் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி ஏறும் என்றார் பொருளாளர். அந்தக் கூலியை நான் தருகிறேன், ஆனால் ‘உதவிய’ என்ற வார்த்தைக்குப் பணம் தர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள்.